ஜீப் சத்தத்துக்கு ஒதுங்கும் கால்கள்

தம்பி,

உன் கடிதத்தைப் பிரித்ததும் உள்ளேயிருந்து விழுந்த படத்தை முதலில் உன் அப்பாவின் படம் என்றுதான் நினைத்தேன். பழைய ஜீப் ஒன்றின் முன்னால், பம்பரில் ஒரு காலைத் தூக்கி வைத்து, இடுப்பில் கையை ஊன்றி, கழுத்தைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு நிற்கிற ஆள். அப்பா அப்படித்தான் நிற்பார். ஆனால் படம் கலரில் இருந்தது. அந்த வயதில் அப்பாவை யாரும் கலரில் படம் எடுத்ததில்லை. அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். நீ. படத்தை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார், மேசையில் கவிழ்த்து வைத்தார், எழுந்து வெளியே போய் லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் நின்றார். வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, "சாவி போட்டு ஸ்டார்ட் பண்றதா, ஹேண்டில் சுத்துறதான்னு கேட்டு எழுது" என்றார்.

செல்வியைக் கட்டிக்கொண்ட பிறகு தினமும் அவளை அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நீ வேலைக்குப் போவாயாம், பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டாமாம், மலையோ பள்ளமோ இந்த வண்டி எங்கேயும் ஏறுமாம். எங்கேயும் ஏறும், அதை நான் மறுக்கவில்லை. எங்கேயும் ஏறுகிற வண்டியில் ஒரு பெண் தினமும் ஏறி இறங்குவது எப்படியிருக்கும் என்று நீ யோசித்தாயா என்றுதான் கேட்கிறேன். நான் ஏறி இறங்கியவள். அந்த வருஷங்களில் நீ சின்னப் பிள்ளை. உனக்கு அந்த ஜீப் ஒரு விளையாட்டுச் சாமான். என் முழங்காலில் இருக்கிற தழும்பைக் காட்டி, "எங்கம்மா ஓடுற ஜீப்ல இருந்து எறங்கினவங்க" என்று உன் சிநேகிதர்களிடம் சிரித்துச் சிரித்துச் சொல்வாய். அவர்களும் சிரிப்பார்கள். நானும் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கதையை ரோட்டில் கிடந்தவள் சொல்லி நீ கேட்டதில்லை. பெரியப்பாவின் கதை உனக்கு முழுதாகத் தெரியவே தெரியாது. இரண்டையும் எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே முடிவு செய்.

அந்த ஜீப் தோட்டத்துப் பெரிய துரையுடையது. லிந்துலைக்கு மேலே நம் தோட்டத்தில் அவர் இருந்த காலமெல்லாம் காலையும் மாலையும் அது மலையைச் சுற்றும். யுத்த காலத்து வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். எஞ்சின் சத்தம் மூன்று மலைக்கு அப்பால் கேட்கும்போதே கொழுந்து எடுக்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கங்காணி தொண்டையைச் செருமிக்கொள்வார். ரோட்டில் நடந்து போகிறவர்கள் ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி, தலையில் போட்டிருக்கிற கம்பளியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வண்டி தாண்டும்வரை நிற்பார்கள். துரை யாரையும் கானில் இறங்கச் சொன்னதில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. உன் அப்பாவும் சின்ன வயதில் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கானில் நின்றவர்தான்.

துரை சீமைக்கே திரும்பிப் போகிறார் என்று தெரிந்தபோது அப்பா ஃபாக்டரியில் தேயிலைத்தூள் வேலைக்கெல்லாம் பொறுப்பான டீமேக்கராகி இருந்தார். கூலியாட்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து டீமேக்கரானவர் எங்கள் தோட்டத்தில் அவர்தான் முதல் ஆள். ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வெளியே அந்தச் சத்தம் கேட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். துரை நம் குவார்ட்டர்ஸுக்கு எதற்கு வருகிறார் என்று பதறி முந்தானையைச் சரிசெய்து, உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், உன் அப்பா ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"தொரை எங்கங்க?" என்றேன்.

"போயிட்டாரு. வண்டி நம்மது" என்றார்.

வாங்கப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஓட்டத் தெரியும் என்பதுகூட எனக்குத் தெரியாது. நீ மட்டும் என் இடுப்பிலிருந்து இறங்கி ஓடிப்போய் ஹார்னை அமுக்கினாய்.

முதல் நாளே ஒன்று தெரிந்தது. அதன் பின்பக்கத்தில் எதிரெதிராக இரண்டு பலகை ஆசனமும், நடுவில் ஒரு சின்னக் கதவும் இருந்தன. அதைத் துரை மனுஷர்களுக்காகச் செய்விக்கவில்லை. அவருடைய இரண்டு வேட்டை நாய்களுக்காகச் செய்வித்திருந்தார். எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் மழை பெய்தால் அந்தப் பலகையிலிருந்து நனைந்த நாயின் வாடை வரும். எங்கள் ஊரில் மழை பெய்யாத நாள் எது. முன்னால் யாராவது ஆம்பிளை ஏறிவிட்டால் நான் பின்னால் போகவேண்டும். கல்யாண வீடு, கோயில், கருமாதி, எங்கே போனாலும் பட்டுச் சேலையோடு நாயின் இடத்தில் உட்கார்ந்துதான் போனேன். ஏறுவதற்குப் படி கிடையாது. சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்து, ஒரு காலைச் சக்கரத்தின் மேல் வைத்து, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து ஏறவேண்டும். மேலே கித்தான்தான் கூரை. பக்கவாட்டில் ஒன்றும் இல்லை. மழை மேலேயிருந்து வராது, குறுக்கே வரும். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது என் ஒரு பக்கம் நனைந்தும் மறுபக்கம் கிரீஸ் படிந்தும் இருக்கும். முதுகெலும்பு இரவெல்லாம் வலிக்கும். ஸ்பிரிங் என்று அதில் ஒன்று இருந்தது, இரும்புக் கட்டிலுக்குக்கூட அதைவிட இரக்கம் உண்டு.

ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததால் மெயின் ரோட்டில் முன்னால் ஒரு லொறி போனால் அப்பாவுக்கு எதிரே ஒன்றும் தெரியாது. வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். "வருதா?" என்பார். "வருது" என்பேன். "இப்ப?" "பஸ் வருது." "இப்ப?" "இல்ல, போங்க." டீச்சராகப் படித்துவிட்டுக் கிளீனர் வேலை பார்த்தேன். ஒரு தடவை "போங்க" என்றேன், வளைவுக்குள்ளிருந்து பஸ் வந்துவிட்டது. எப்படித் தப்பினோம் என்று மாதாவுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு லொறியின் புகையை முகர்ந்துகொண்டே பின்னால் போவோம்.

ஏதாவது உடைந்தால் சாமான் கிடையாது. கப்பலில் எதுவும் வராத காலம் அது. தலவாக்கலையில் சாமான் கடை வைத்திருந்த காசிம் நானா அப்பாவைக் கண்டாலே கும்பிடுவார். "டீமேக்கர் ஐயா, இது வாகனமில்ல, மருமகன். எவ்வளவு செஞ்சாலும் கொற சொல்லும்" என்பார். பெட்ரோலை அது தண்ணீரைப்போலக் குடித்தது. அதோடு, வண்டி நம்முடையது என்பது பெயருக்குத்தான். நெஞ்சுவலிக்காரர், வயிற்றுவலிக்காரர், பிள்ளைத்தாய்ச்சி, பிரேதம், எல்லாவற்றுக்கும் அதுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஜீப்பிலேயே பிறந்த பிள்ளை ஒன்று இப்போது ஹட்டனில் தையல் கடையில் வேலை பார்க்கிறது. ஆனால் கதவைத் தட்டும் சத்தம் கேட்காமல் நாங்கள் சாப்பிட்டு முடித்த நாள் குறைவு. ஒரு பிரேதத்தை இறக்கிவிட்டு வந்து, பலகையைக் கழுவி, மறுநாள் அதிலேயே உன்னை உட்காரவைத்துக் கூட்டிப்போவோம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து மாதா கோயிலில் பூசை வைக்க வந்த சாமியாரைத் தலவாக்கலையில் கொண்டுபோய் விடவேண்டியிருந்தது. சாமியார் முன்னால். நானும் நீயும் பின்னால், நாய்களின் பலகையில். நல்ல மூடுபனி. எஞ்சின் சத்தத்தில் அப்பாவும் சாமியாரும் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பேசிக்கொண்டு வந்தார்கள். கொண்டை ஊசி வளைவில் அப்பா கியரை மாற்றி ஒரு உந்து உந்தினார். வண்டி முன்னங்காலைத் தூக்கிய குதிரைபோல ஏறியது. நான் கதவில் சாய்ந்திருந்தேன். கொளுக்கி எப்போது கழன்றதோ தெரியாது, முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அடுத்த நிமிஷம் நான் ரோட்டில் கிடந்தேன்.

வலி அப்போது தெரியவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஜீப் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. பின்கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. திறந்த வாசலில் நீ தனியாகப் பலகையில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாய். பிறகு கையை ஆட்டினாய். டாட்டா காட்டினாய் தம்பி. நீ அழவில்லை. நான் ஏதோ வேலையாக இறங்கிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாய். கையை ஆட்டிக்கொண்டே மூடுபனிக்குள் போய்விட்டாய்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. எழுந்து ஓடினேன். செருப்பு போய்விட்டது, சேலை அவிழ்ந்து காலில் சுற்றியது. மேலே இன்னும் இரண்டு வளைவு இருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் அவர் அதேபோல உந்துவார். அந்தக் கதவு அப்படியே திறந்திருக்கும். நீ அப்படியே உட்கார்ந்திருப்பாய். பனிக்குள் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அது உறுமும்போதெல்லாம் அடுத்து உன் குரல் கேட்கும் என்று நின்றேன், பிறகு ஓடினேன், பிறகு நின்றேன். ஞாயிற்றுக்கிழமையாதலால் மலையில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்படி ஒரு தனிமையை நான் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை.

சத்தம் நின்றது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஏன் நின்றது என்று யோசித்துக்கொண்டே ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வண்டி பின்பக்கமாகவே இறங்கி வந்தது. சாமியாரின் மடியில் நீ இருந்தாய். அவருடைய வெள்ளை அங்கியெல்லாம் சேறு. மேலே எதிரில் ஒரு மாடு படுத்திருந்ததாம், அதற்காக நிறுத்தி, சாமியார் சேற்றில் இறங்கி விரட்டியிருக்கிறார். அப்போது நீ பின்னாலிருந்து, "அம்மா எறங்கிட்டாங்கப்பா. நான் பாத்தேன்" என்று சொன்னாயாம். அந்த மாடு படுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றைக்கும் சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன்.

"நான் கத்துனது கேக்கலையாங்க?" என்று கேட்டேன்.

"இதுல என்ன கேக்கும்" என்றார் அப்பா. "கதவு எப்பவும் அடிச்சுக்கும்ல. அந்தச் சத்தம்னு நெனச்சேன்." அதைச் சொல்லும்போதே அவருடைய உதடு வெளுத்துப்போனது. வண்டியை விட்டு இறங்கி, ரோட்டோரத்தில் குந்திக்கொண்டு வாந்தி எடுத்தார். சாமியார் உன் தலையில் கையை வைத்தபடியே நின்றார்.

அன்றைக்கே விற்றிருக்க வேண்டும் என்பாய். நானும் சொன்னேன். அப்பா பெரிய தாழ்ப்பாள் ஒன்றை வாங்கிப் போட்டார். விற்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் வாயால் சொல்லமாட்டார், எனக்குத் தெரியும். அந்த வண்டியில் லயத்துப் பக்கம் போகும்போது ஆட்கள் கானில் இறங்குவார்கள். வண்டி இன்னார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சத்தம் கேட்டவுடன் இறங்குவார்கள். முதலில் அப்பா கையை நீட்டி, "நாந்தாம்ப்பா, சூசை" என்று கத்துவார். எஞ்சின் சத்தத்தில் அது யார் காதிலும் விழாது. நாளாக நாளாகக் கத்துவதை விட்டுவிட்டார். பிறகு அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வர ஆரம்பித்தது. அந்தச் சிரிப்பைத்தான் தம்பி, உன் படத்தில் பார்த்தேன். என் பள்ளிக்கூடத்தில் நான் வந்து இறங்கினால் பிள்ளைகள் டீச்சருக்கு எழுவதுபோல எழமாட்டார்கள், அடிவிழப் போகிறதுபோல எழுவார்கள். அதனால் வளைவுக்கு இப்பாலேயே இறங்கி நடந்துவிடுவேன்.

பெரியப்பாவை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. அந்தோணிப் பெரியப்பா. கவ்வாத்து வெட்டுகிற ஆள். தேயிலைச் செடியைக் கத்தியால் சீவிவிடுகிற அந்த வேலையில் கையெல்லாம் வெட்டுக்காயம். தாயும் தகப்பனும் போனபிறகு அப்பாவைத் தோளில் வைத்து வளர்த்தவர் அவர். தான் மலைக்குப் போய்த் தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர். அப்பா டீமேக்கரான பிறகும், ஃபாக்டரி வாசலில் எத்தனை பேர் நின்றாலும், "டேய் சூசை" என்றுதான் கூப்பிடுவார். "எல்லாரும் இருக்காங்க, ஐயான்னு கூப்பிடுங்க" என்று யாரோ சொன்னதற்கு, "நான் அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவன்" என்றாராம். அப்பாவுக்கு அந்த "டேய்" தான் சம்பளத்தைவிடப் பெரிது.

மாவுக்கும் பாணுக்கும் ஆட்கள் விடியுமுன்பே கியூவில் நின்ற பஞ்ச காலம் வந்தது. தோட்டத்தில் பட்டினி. அப்போதுதான் பெரியப்பா இந்தியாவுக்கே போய்விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் அங்கேயாவது சாப்பிடட்டும் என்றார். அப்பா இலங்கைப் பிரஜை, அவர் இந்தியப் பிரஜை. ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கு இரண்டு நாடு. கடைசிப் பயணத்துக்கு நாள் வரும், எப்போது என்று தெரியாது என்ற நிலைமை.

அப்படியிருந்த ஒரு காலையில் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஃபாக்டரிக்கு ஒரு பெல்ட் வாங்கத் தலவாக்கலைக்குப் போகவேண்டும் என்று வண்டியை எடுத்தார். தூறல். எங்களுக்கு முன்னால் ரோட்டில் ஒருவர் தலையில் கம்பளி போட்டு, விறகுக் கட்டோடு போய்க்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்தே அப்பா, "அண்ணன்" என்றார். பக்கத்தில் நிறுத்தி ஏற்றிக்கொள்ளலாம் என்று வேகத்தைக் குறைத்தார். கியர் மாறியபோது எஞ்சின் உறுமியது. பெரியப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. விறகைப் போட்டார், தலையிலிருந்த கம்பளியை இழுத்துக் கக்கத்தில் வைத்தார், ஓரமாக ஒதுங்கினார். அந்த இடத்தில் கான் இல்லை. மழையில் ஓரம் சரிந்து போயிருந்தது. அப்பா கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், தலையைக் குனிந்து நின்றபடியே, பெரியப்பா பின்னால் சாய்ந்து கண்ணுக்கு மறைந்து போனார்.

இரண்டு பேரும் குதித்து ஓடினோம். கீழே தேயிலைக்குள் கிடந்தார். ஒரு கால் வேறு திசையில் மடங்கியிருந்தது. அப்பா பூட்ஸ் காலோடு சறுக்கிக்கொண்டு இறங்கினார். பூட்ஸ் சத்தம் கேட்டுப் பெரியப்பா கண்ணைத் திறக்காமலே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"ஒண்ணுமில்லைங்க தொரை. எம்மேலதான் தப்பு. ஒண்ணுமில்லைங்க."

அப்பா சறுக்கிய இடத்திலேயே நின்றுவிட்டார். நான் மேலே நின்றேன். "அண்ணே, நாந்தான்" என்றார் அப்பா. பெரியப்பா கண்ணைத் திறந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், கும்பிட்டபடி இருந்த தன் கையைப் பார்த்தார். அந்தக் கையை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்ததை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. வலியைக்கூட மறந்து வெட்கப்பட்ட ஒரு மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அதே ஜீப்பில்தான் கொண்டுபோனோம். வேறு என்ன இருக்கிறது. உடைந்த காலோடு அந்தப் பலகையில் படுத்திருப்பவரை நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு குழிக்கும் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. மெதுவாகப் போனால் எஞ்சின் நின்றுவிடும், வேகமாகப் போனால் அவர் துடிப்பார். கம்பளியை வாயில் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் எழுப்பாமல் வந்தார். "வலிக்குதாண்ணே?" என்று அப்பா முன்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் தூக்கி இறக்கும்போது பெரியப்பா சொன்னார்: "நீங்க போங்க. ஒங்களுக்கு ஃபாக்டரி வேலை இருக்கும்."

நீங்க. அதைக் கேட்டு நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல நின்றார்.

கட்டுப் போட்டு லயத்துக்குக் கொண்டுவந்த பிறகும் அப்படித்தான். அப்பா மாலை மாலை நடந்தே போய்ப் பார்ப்பார். வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. பெரியப்பா, "வாங்க, ஒக்காருங்க" என்பார். இருக்கிற ஒரே ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போடச் சொல்லிப் பெரியம்மாவிடம் கண்ணைக் காட்டுவார். கோபமே இல்லை. அதுதான் அப்பாவைக் கொன்றது. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பார். மரியாதை கொடுக்கிற ஆளிடம் என்ன செய்வது. "என்னைய டேய்னு ஒரு தடவ கூப்பிடுங்கண்ணே" என்று ஒரு நாள் கேட்டே விட்டாராம். "அது சின்ன வயசுப் பழக்கங்க" என்றாராம் பெரியப்பா. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

கால் முழுதும் குணமாகும் முன்பே அவர்களுக்குப் பயண நாள் வந்தது. தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேற வேண்டும். ஸ்டேஷனுக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன், இது மட்டும் எனக்கு விட்டுக்கொடுங்கள் என்று அப்பா கேட்டுக்கொண்டார். பெரியப்பா மறுக்கவில்லை. "சரிங்க" என்றார். அன்று விடியற்காலை கடுங்குளிர். ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. அப்பா ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார், சுற்றினார். நான் மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒரு சுற்றில் ஹேண்டில் திருப்பி அடித்து அவருடைய மணிக்கட்டு வீங்கிப்போனது. எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு போன வண்டி, அன்றைக்கு ஒரு இருமல்கூட இருமவில்லை. நேரம் போயிற்று. அதற்குள் கீழேயிருந்து தோட்டத்து லொறி பயணக்காரர்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பெரியப்பாவைக் கம்பளியில் வைத்துத் தூக்கி லொறியில் ஏற்றியிருக்கிறார்கள்.

அப்பா ஹேண்டிலைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினார். ரோட்டில் அல்ல, தேயிலைக்குள் குறுக்கு வழியில். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பாதி வழியில் பால் கொண்டுபோகிற வண்டி ஒன்று எனக்கும் உனக்கும் கிடைத்தது. நாங்கள் தலவாக்கலை ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது பிளாட்பாரம் முழுக்க அழுகை. கோச்சியின் ஜன்னல் ஒவ்வொன்றிலும் முகங்கள், ஒவ்வொரு முகத்தையும் பிடித்துக்கொண்டு வெளியே கைகள். அப்பா எங்களுக்கு முன்பே வந்திருந்தார். முழங்கால் வரைக்கும் சேறு, சட்டை கிழிந்திருந்தது, பூட்ஸில் ஒன்று காணோம், ஒரு கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகத் தேடிக்கொண்டிருந்தார்.

பெரியப்பாதான் முதலில் பார்த்தார்.

"டேய் சூசை."

அப்பா திரும்பினார்.

"என்னடா இது கோலம். ஓடியா வந்தே?"

"வண்டி ஸ்டார்ட் ஆகலண்ணே."

பெரியப்பா அவரையே பார்த்தார். மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு சிரித்தார் தம்பி. அத்தனை அழுகைக்கு நடுவில், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். பெரியம்மாவைத் தட்டி, "நம்ம சூசைய பாரு, பன்னி மாதிரி சேத்துல பொரண்டு வந்து நிக்கிறான்" என்றார். சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, தன் கம்பளி முனையால் அப்பாவின் முகத்துச் சேற்றைத் துடைத்தார். அப்பா குழந்தைபோல முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். "கைய என்னடா பண்ணித் தொலைச்சே. நல்லெண்ணெய் போட்டு உருவி விடச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோச்சி நகர்ந்தது. பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் அப்பா கூடவே நடந்தார். அதுதான் அவர்கள் கடைசியாகப் பார்த்துக்கொண்டது. பெரியப்பா திருச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்து, சில வருஷத்தில் அங்கேயே மண்ணுக்குள் போய்விட்டார். அப்பா அந்த வாரமே ஜீப்பை நுவரெலியா மரக்கறி வியாபாரி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு எந்த வண்டியும் வாங்கவில்லை.

அன்றைக்கு அது ஸ்டார்ட் ஆகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. பெரியப்பாவைப் பலகையில் ஏற்றி, அப்பா ஓட்டி, ஸ்டேஷனில் இறக்கிவிட்டிருப்பார். "போயிட்டு வர்றேங்க" என்று அவர் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

இப்போது காலம் அதைவிடக் கெட்டிருக்கிறது, அது உனக்கும் தெரியும். நம்பர் பிளேட் இல்லாத ஜீப்புகள் போகிற வருஷம் இது. இங்கே அடுத்த வீட்டு பண்டா முதலாளியின் பெண்சாதி, ஜீப் சத்தம் ரோட்டில் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறாள். அவளுடைய தம்பியை அப்படி ஒரு வண்டி வந்துதான் கூட்டிப்போனது, இன்னும் திரும்பவில்லை. நீ நல்லவன், உன் வேலை வீடு கட்டுகிற வேலை. ஆனால் இருட்டில் உன் சத்தத்தைக் கேட்கிறவளுக்கு அது எப்படித் தெரியும். நீ ஒவ்வொரு வீட்டு ஜன்னலையும் தட்டி "நான்தான்" என்று சொல்லிக்கொண்டே போக முடியுமா.

விற்றுவிடு என்று நான் கட்டளையிடவில்லை. உன் உழைப்பு. செல்வியை ஒரு தடவை அதில் ஏற்றி, மழை நாளில், அவளுடைய பள்ளிக்கூடத்துச் சேலையோடு கூட்டிப்போய்ப் பார். போய் இறங்கிய பிறகு அவளைக் கேட்காதே, கேட்டால் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வாள், நானும் அப்படித்தான் சொன்னேன். அவள் முதுகை நிமிர்த்துகிறாளா, சேலையை எப்படிப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள் என்று பார். போகிற வழியில் கிழவர்கள் யாராவது ஓரமாக ஒதுங்கினால் அவர்கள் முகத்தையும் ஒரு தடவை பார். நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பார். ஓடுகிற வண்டியிலிருந்து அது தெரியாது.

அப்பா காலையில் எழுந்து சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். உன் வண்டியைப் பார்க்கவேண்டுமாம். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கே தெரியவில்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஹட்டனுக்கு வருகிறோம். ஸ்டாண்டுக்கு ஜீப்பைக் கொண்டுவந்துவிடாதே. நடந்து வா.

அம்மா